பத்தாம் வகுப்போடு தமிழைத் துறப்பதோ?

கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் என் பழைய மாணவி ஒருத்தி கண்கலங்கி வந்து நின்றாள். பத்தாம் வகுப்புவரை என்னிடம் பயின்றவள். யாப்பும் அணியும் விரும்பிக் கற்றவள். பதினொன்றாம் வகுப்பிற்கு அவள் சென்ற தனியார் பள்ளியோ, “பிரெஞ்சு எடுத்தால் மதிப்பெண் கொட்டும்” என்று கூறித் தமிழைக் கைவிடச் செய்தது. பெற்றோரும் இசைந்தனர். ஈராண்டு கழிந்தபின் அவள் உள்ளம் நாடியது இளங்கலைத் தமிழ். தமிழ் மதிப்பெண் எங்கே என்று வினவினர். அவளிடம் அஃது இல்லை!

இஃது ஒருத்தியின் துயர் மட்டுமன்று. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் இட்ட வேலி பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகின்றது. அதற்கப்பால் முதல் மொழியாகத் தமிழை விட்டு வேறொன்றை எடுக்க வழி திறந்தே கிடக்கின்றது.

மதிப்பெண் என்னும் கரணியமாவது உண்மையா? எண்ணிப் பார்ப்போம். பொறியியற் சேர்க்கைக்குக் கணக்கு, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களே கொள்ளப்படும். மருத்துவத்திற்கோ நீட் தேர்வு. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளிலும் பெரும்பாலான பாடங்களுக்கு மொழிகள் நீங்கிய நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணே அளவுகோல். தமிழ் இலக்கியத்திற்குத் தமிழ் மதிப்பெண்ணும், ஆங்கில இலக்கியத்திற்கு ஆங்கில மதிப்பெண்ணுமே தரவரிசையை முடிவு செய்கின்றன. அங்ஙனமாயின், தமிழை விற்று வாங்கிய அந்த மிகை மதிப்பெண் எந்த வாயிலைத் திறந்தது? 600இன் கூட்டுத்தொகையைப் பள்ளி விளம்பரப் பலகையில் எழுதிக்கொள்ள உதவிற்று, அவ்வளவே!

மொழித்துறை நாடும் மாணவர்க்கு யான் கூறுவது இது. முதல் மொழியாகத் தமிழையே கொள்க. சிறப்புத் தமிழ் உள்ள கலைப்பிரிவு கிட்டுமாயின் தயங்காது சேர்க. இலக்கணமும் இலக்கியமும் அங்கே விரிவாகக் கிட்டும். அதனோடு வரலாறு பயில்க. அரசரின் ஆட்சியாண்டு கூறும் கல்வெட்டை வரலாறு அறியாதவன் எங்ஙனம் படித்துணர்வான்? அப்பிரிவு இல்லாத பள்ளியில், அதனைத் தொடங்குமாறு பெற்றோர் ஒன்றுகூடிக் கேட்க. அறிவியற் பிரிவில் பயின்றவர்க்கும் தமிழ்த்துறை அடைபட்டதன்று. முதல் மொழியை மட்டும் இழவாதிருக்க.

பிறமொழி கற்றலை யான் வெறுப்பவன் அல்லன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழை ஆழப் பயின்ற தனிநாயக அடிகள் ஐரோப்பிய மொழிகள் பலவும் அறிந்தவர். 1679இல் அச்சான தமிழ்–போர்த்துக்கீசிய அகரமுதலியை வாத்திக்கன் நூலகத்தில் கண்டு, 1966இல் கோலாலம்பூரிலிருந்து மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தவர் அவரே. அவர் கற்ற பிறமொழி தமிழுக்குத் துணையாயிற்று. நம் பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காக ஈராண்டு உருப்போட்டு, தேர்வு முடிந்த அன்றே மறக்கும் பிறமொழியோ தமிழின் இடத்தைப் பறிக்கின்றது. முன்னதைப் போற்றுவோம், பின்னதை விலக்குவோம்.

தமிழ்ப் பெற்றோரே! பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைத் தாளில் மொழிக்கென ஒரு கட்டம் உண்டு. அதனை நிரப்புமுன் பள்ளியைக் கேளாதீர். உம் பிள்ளையைக் கேளுங்கள். அன்று நீவிர் எழுதும் ஒரு சொல், நாளை அப்பிள்ளை தட்டும் கதவைத் திறக்கவும் கூடும், அடைக்கவும் கூடும்.