கோட்டையும் ஒளியும்: ஒரு பருவத்தை எது இணைக்கிறது?

தொடக்கப் பள்ளிகளில் ஒரு கருப்பொருளை மையமாக வைத்து ஒரு பருவம் முழுவதையும் திட்டமிடும் வழக்கம் இப்போது பரவலாகி வருகிறது. வகுப்பறை மொழி குறித்த என் ஆய்வுக்காக ஐதராபாத்தில் சில பள்ளிகளின் பாடத்திட்டக் குறிப்பேடுகளைப் படிக்க நேர்ந்தது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு பள்ளியில் 4ஆம் வகுப்பின் முதல் பருவத்திற்கு வைத்திருந்த தலைப்பு ‘கோட்டைகளும் ஒளியும்’. தலைப்பைப் பார்த்ததும் மகிழ்ந்தேன். உள்ளே இருந்தவை வேறு: அகழியின் மேல் இறங்கும் தூக்குப்பாலத்தின் அட்டை மாதிரி, குதிரைவீரனின் கேடயத்திற்கு வண்ணம் தீட்டல், இளவரசியின் கோபுரத்தில் எரியும் மெழுகுவத்தி பற்றிய கதை, அப்புறம் ஒரு டார்ச் விளக்கு. பேருந்தில் ஏறினால் சென்றடையக்கூடிய கோல்கொண்டா அந்த ஏட்டில் பருவ இறுதிச் சுற்றுலாவாக ஒரே ஒரு வரியில் இருந்தது.

அந்தத் திட்டம் எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கடினமன்று. இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் கோட்டை என்பது நெடுநாளாகப் பழகிய கருப்பொருள். அந்நாட்டுப் பாடத்திட்டத்தில் 3ஆம் ஆண்டு அறிவியலில் ஒளி ஒரு பாடம். அங்கே இரண்டும் ஒரே பருவத்தில் சேர்வது இயல்பு. பிள்ளைகள் பார்க்கும் கோட்டையும் அவர்கள் தலைக்கு மேல் உள்ள சூரியனும் அவர்களுடையவை. இரவல் வாங்குவதை நான் குறையாகச் சொல்லவில்லை. கல்வியில் யாரும் யாரிடமும் வாங்கலாம். ஆனால், இந்த இரவலில் ஒரு குறிப்பிட்ட சேதம் நிகழ்கிறது: சரியாகப் பார்த்த குழந்தை தவறு செய்ததாகக் கணக்கிடப்படுகிறது.

நிழலையே எடுத்துக்கொள்வோம். நண்பகலில் நிழல் வடக்கு நோக்கி விழும் என்று இறக்குமதிப் பயிற்சித்தாள் சொல்லும். லண்டனில் அது ஆண்டு முழுவதும் உண்மை. ஐதராபாத் 17 பாகைக்குச் சற்று மேற்பட்ட வட அகலாங்கில் இருக்கிறது. ஏறத்தாழ மே 9 முதல் ஆகஸ்ட் 3 வரை இங்கே உச்சிச் சூரியன் தலைக்கு வடபுறம் நிற்கிறது. ஆகவே நண்பகல் நிழல் தெற்கே விழும். தெலங்கானாவில் பள்ளி திறப்பது ஜூனில். அதாவது, ஒளியைப் பற்றிய பாடம் நடக்கும் அதே வாரங்களில் முற்றத்தில் குச்சி நட்டுப் பார்க்கும் குழந்தை, தாளில் உள்ளதற்கு நேர்மாறான திசையைக் காண்கிறது. ஜூன் பிற்பகுதியில் ஒரு மீட்டர் குச்சிக்கு அங்கே 50 சென்டிமீட்டருக்கு மேல் நிழல் இருக்கும். இங்கே 10 சென்டிமீட்டர் அளவுதான். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு நாள் அதுவும் காலடிக்குள் மறைந்துவிடும். அந்த மறைவும் கடிகாரத்தின் 12 மணிக்கு நிகழாது. இந்திய நேரம் 82.5 பாகைக் கிழக்கு நெட்டாங்கைக் கொண்டு கணிக்கப்படுவதால் ஐதராபாத்தின் உச்சிவேளை அந்நாட்களில் 12.20ஐ ஒட்டியே வருகிறது. தாளை நம்பும் ஆசிரியர் குழந்தையின் அளவீட்டைத் திருத்துவார். எதைப் பார்த்தாலும் புத்தகம் சொல்வதையே எழுத வேண்டும் என்ற பாடத்தைக் குழந்தை அன்றைக்குக் கற்றுக்கொள்ளும். அதற்கு மதிப்பெண்ணும் உண்டு.

இரண்டாவது சேதம் என் துறை சார்ந்தது. ஆங்கிலத்தில் மரத்தடியில் கிடைக்கும் நிழலுக்கு ‘ஷேட்’, சுவரில் விழும் உருவத்திற்கு ‘ஷேடோ’ எனச் சொற்கள் வெவ்வேறு. தமிழில் இரண்டும் நிழல். தெலுங்கில் இரண்டும் ‘நீட’. உருதுவில் ‘சாயா’ இரண்டையும் குறிக்கும். உருதுவின் ‘பர்ச்சாயீன்’ இன்னும் ஒரு படி மேலே போய், நீரில் தெரியும் பிம்பத்தையும் தனக்குள் வைத்திருக்கிறது. பழந்தமிழில் நிழல் என்ற சொல்லும் கண்ணாடியில் தெரியும் உருவத்தைக் குறித்ததுண்டு. இன்றும் புகைப்படத்தை நிழற்படம் என்கிறோம். நிழலை வரையச் சொன்னால் சிறு குழந்தைகள் அதற்குக் கண்ணும் வாயும் வைப்பது உலகெங்கும் ஆசிரியர்கள் அறிந்த செய்தி. அதை அறிவியல் பிழை என்று அடிப்பதற்கு முன், அந்தக் குழந்தையின் வீட்டுமொழியில் நிழலுக்கும் பிம்பத்திற்கும் இடையே எல்லை எங்கே போடப்பட்டிருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டாமா? மொழி சிந்தனையைச் சிறைப்படுத்துகிறது என்று நான் சொல்லவரவில்லை. அந்த வாதத்தில் எனக்கு உடன்பாடு குறைவு. கேள்வித்தாளின் சொல் ஓர் எல்லையையும் குழந்தையின் சொல் வேறோர் எல்லையையும் கொண்டிருக்கும்போது, விடையை மட்டும் பார்த்துக் கருத்துப்பிழை எது, சொற்பிழை எது என்று பிரிக்க இயலாது. நீட, சாயா, பர்ச்சாயீன், ஷேடோ ஆகிய நான்கையும் கரும்பலகையில் எழுதி, எந்தச் சொல் எதற்குப் பொருந்துகிறது என்று பிள்ளைகளையே வகைப்படுத்தச் சொன்னால், அந்த ஒரு மணிநேரம் மொழிப்பாடமும் ஆகும், அறிவியல் பாடமும் ஆகும். யாரும் வலிந்து இணைக்க வேண்டியதில்லை.

பாட ஒருங்கிணைப்பு குறித்து நாம் பேச வேண்டியதும் இந்த இடத்தில்தான். கருப்பொருள் என்பது இணைப்பன்று, கேள்வியே இணைப்பு. கோட்டையில் 87 கொத்தளங்கள், ஒவ்வொன்றிலும் 6 வீரர்கள் என்றால் மொத்தம் எத்தனை என்று கேட்பது தலைப்பாகை கட்டிய பெருக்கல் கணக்கு. கோட்டையை நீக்கிவிட்டுக் கூடையில் மாம்பழம் என்று எழுதினாலும் கணக்கு மாறாது. உண்மையான இணைப்புக் கேள்வியை ஒரு பாடத்தால் மட்டும் விடைகாண முடியாது.

அப்படிப்பட்ட கேள்வி ஒன்று கோட்டையின் மதிலிலேயே இருக்கிறது. மதிலின் சிறு துளைக்குப் பின்னால் நிற்கும் வீரனுக்கு வெளியே உள்ள பகைவன் தெரிகிறான். பகைவனுக்கு அவன் தெரிவதில்லை. ஏன்? ஒளி உள்ளே போகும் அதே வழியில்தானே வெளியேயும் வரவேண்டும்? இதற்கு விடை தேட, வெளிச்சமும் இருளும் கண்ணில் என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும். காலணிப் பெட்டியில் துளையிட்டு உள்ளே ஒரு பொம்மையை வைக்க வேண்டும், கண்ணைத் துளையருகே கொண்டுபோயும் தள்ளி நின்றும் பார்க்க வேண்டும். துளையைச் சிறிதாக்கி எதிரே எண்ணெய்த்தாளை வைத்தால் தலைகீழ் உருவம் விழும். அது தனியே ஒரு வாரம் கேட்கும். இன்னொரு பக்கம், மதிலின் தடிமன் ஏன், துளை ஏன் ஒருபுறம் குறுகி மறுபுறம் விரிகிறது, பீரங்கி வந்த பின் என்ன மாறியது என வரலாறு திறக்கிறது. 1687இல் ஔரங்கசீப்பின் படை ஏறத்தாழ எட்டு மாதங்கள் கோல்கொண்டாவிற்கு வெளியே கிடந்தது ஏன் என்பதும் அப்போது மனப்பாடச் செய்தியாக இருக்காது. அதே கேள்வி அரண்மனைகளின் ஜாலி எனப்படும் கற்சல்லடைச் சாளரத்திற்கும் பொருந்தும். அங்கே உள்ளே நின்று பார்த்தவர்கள் வீரர்கள் அல்லர், அரண்மனைப் பெண்கள். யார் பார்க்கலாம், யார் பார்க்கப்படக் கூடாது என்பதைக் கட்டடம் எப்படித் தீர்மானித்தது என்று பத்து வயதுக் குழந்தையால் பேச முடியும். நாம்தான் கேட்பதில்லை.

தௌலதாபாத் அருகில் இருப்பவர்களுக்கு அந்தேரி என்ற இருட்டுப் பாதை இருக்கிறது. பகைவரைத் திசை தடுமாறச் செய்ய இருளையே அரணாக்கிய பாதை. கோல்கொண்டா வாயிலில் கைதட்டினால் மேலே பாலா இசாரில் கேட்கும் என்று வழிகாட்டிகள் செய்து காட்டுவதை ஆசிரியர்கள் விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அது அருமையான பாடம், ஆனால் ஒலிப்பாடம். அதை அடுத்த பருவத்திற்கு வைத்துக்கொள்ளலாம்.

கணிதத்திற்கு உரிய இடமும் நிழலில் உண்டு. ஆகஸ்ட் தொடக்கத்தில் காலை ஒன்பதே கால் அளவிலும் பிற்பகல் மூன்றரை அளவிலும் குச்சியின் நிழல் குச்சியின் உயரத்திற்குச் சமமாகும். அந்தக் கணத்தில் சமதரையில் விழும் கொத்தளத்தின் நிழலை, கொத்தளத்தின் உச்சிக்கு நேர்கீழான இடத்திலிருந்து அளந்தால் உயரம் கிடைத்துவிடும். ஏணியும் வேண்டாம், சூத்திரமும் வேண்டாம். மழைமேகம் விட்டுக்கொடுக்க வேண்டும், அவ்வளவே; அதற்கென ஒரு வாரத்தைத் தளர்வாக வைத்திருப்பது நல்லது.

இவ்வாறான திட்டம் வசதி படைத்த பள்ளிகளின் விளையாட்டு என்றும், பாட வரிசை குலையும் என்றும் எழும் எதிர்ப்பை அறிவேன். வரிசை பற்றிய கவலை நியாயமானது. பின்னங்களும் எழுத்துப்பயிற்சியும் தம் பாட்டில் தனியே நடக்கட்டும். எல்லாவற்றையும் கோட்டைக்குள் அடைக்க வேண்டியதில்லை. வசதி பற்றிய வாதத்தைத்தான் ஏற்க முடியவில்லை. கைத்தொழிலை மையமாக்கிப் பாடங்களை இணைக்கும் கல்வியை 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்தபோது ஏழை ஊர்ப்புறப் பள்ளியே அவர் மனத்தில் இருந்தது. 2023இன் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் 3 முதல் 5ஆம் வகுப்பு வரை அறிவியலையும் சமூகத்தையும் ‘நம்மைச் சுற்றியுள்ள உலகம்’ என்ற ஒரே பாடமாக வைத்திருக்கிறது. முந்தைய என்சிஇஆர்டி 5ஆம் வகுப்பு நூலில் கோல்கொண்டாவுக்கென ஓர் இயலே இருந்தது. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை ஒரே அறையில் நடத்தும் அரசுப் பள்ளிகள் இந்நாட்டில் ஏராளம். தனித்தனிப் பாடவேளை அங்கே காகிதத்தில் மட்டுமே உள்ளது. முற்றத்தில் நட்ட ஒரே குச்சியைச் சுற்றி 1ஆம் வகுப்புப் பிள்ளை நிழலுக்குத் தன் வீட்டில் என்ன பெயர் என்று சொல்லலாம், 3ஆம் வகுப்புப் பிள்ளை மணிக்கொரு முறை சுண்ணக்கட்டியால் அதன் நுனியைக் குறிக்கலாம், 5ஆம் வகுப்புப் பிள்ளை அளந்து எழுதி, ஜூலையில் அது ஏன் தெற்கே போகிறது என்று ஆசிரியரிடம் சண்டைக்கு வரலாம்.