ஒரே நாள் என்றார்கள், ஒரு நாளும் இல்லை!

உள்ளூர்த் தேர்தலையும் மாநிலத் தேர்தலையும் நாட்டின் பொதுத் தேர்தலோடு ஒட்டி நடத்தினால் செலவு மிச்சம் என்னும் வாதம் இந்தியாவில் ஓங்கி ஒலிக்கின்றது. மக்களவைக்கும் சட்டசபைகளுக்கும் ஒருங்கே தேர்தல் நடத்தி, நூறு நாட்களுக்குள் உள்ளாட்சித் தேர்தலையும் முடிக்கலாமென ராம்நாத் கோவிந்த் குழு 2024இல் சிபார்சு செய்தது. கேட்பதற்கு இனிமையான யோசனைதான். ஆனால் இதே சரக்கை இலங்கைத் தமிழ் மக்கள் முன்னரே வாங்கி ஏமாந்தவர்கள்.

ஒன்பது மாகாண சபைகளுக்கும் ஒரே நாளில் தேர்தல் என்று 2017இல் அன்றைய அரசாங்கம் இருபதாவது திருத்தச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. நாளைக் குறிக்கும் அதிகாரம் பாராளுமன்றத்துக்காம்! ஐந்தாண்டு ஆயுள் என்று அரசியலமைப்பு வகுத்த சபைகளில் ஒன்றை நீட்டலாம், மற்றொன்றைக் குறுக்கலாம். சர்வசன வாக்கெடுப்பின்றி இது ஆகாது என்று உயர் நீதிமன்றம் தடுத்தது.

அத்தோடு விட்டார்களா? பெண் வேட்பாளர் விகிதத்துக்கென வந்த வேறொரு சட்டமூலத்தில், குழுநிலையில், புதிய தேர்தல் முறையையே செருகி அந்தச் செப்டெம்பரிலேயே நிறைவேற்றினார்கள். தமிழ்ப் பிரதிநிதிகளும் அதற்குக் கை உயர்த்தினார்கள் என்பதை மறைத்துப் பயனில்லை. புதிய முறைக்கு எல்லை நிர்ணயம் வேண்டும். அந்த அறிக்கை 2018 ஆகஸ்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்கேனும் விழவில்லை. பழைய முறை போயிற்று, புதிய முறை பிறக்கவில்லை. 2017 செப்டெம்பரில் கிழக்கு மாகாண சபையும், 2018 அக்டோபரில் வடக்கு மாகாண சபையும் காலம் முடிந்து கலைந்தன. அன்றுதொட்டு ஆட்சி, சனாதிபதி நியமிக்கும் ஆளுநர் கையில். மாகாணத்தின் பொறுப்பிலுள்ள சிறு குளமொன்றின் துருசு பழுதானால், கமக்காரன் வாக்கைக் காட்டிக் கேள்வி கேட்பதற்கு அங்கே ஒரு மாகாண அமைச்சர் இல்லை.

செலவு என்ற சாட்டையும் பார்த்துவிட்டோம். 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லையென்று நிறுத்தப்பட்டது. அது அடிப்படை உரிமை மீறலென உயர் நீதிமன்றம் 2024இல் தீர்த்தது. வாக்குப்பெட்டி வந்ததோ 2025 மே 6ஆந் திகதி.

ஒரே நாளில் தேர்தல் என்பதை நாம் கொள்கையளவில் எதிர்க்கவில்லை. எந்தச் சபையின் தேர்தலும் அதன் காரணமாக ஒரு நாளேனும் பின்போகாது என்று சட்டத்தில் எழுதுவார்களா? முதலில் பழைய விகிதாசார முறையில் தேர்தல் நடத்தத் திருத்தமொன்றைக் கொண்டுவந்து, வடக்கு கிழக்குக்குத் திகதி குறிக்கட்டும். நாட்களை ஒன்றாக்குவது பற்றி அதன் பின்னர் பேசலாம்.