எழுதுகோலுக்கு முந்தைய ஆண்டுகள்

முன்பருவக் கல்வி என்று கல்வியியலார் குறிப்பிடுவது, முறையான பள்ளிப்படிப்பு தொடங்கும் முன், ஏறத்தாழ மூன்று முதல் ஆறு வயது வரை, விளையாட்டின் வழியும் பேச்சின் வழியும் குழந்தை பெறுகிற கல்வியாகும். தமிழ்நாட்டில் இக்கல்வி, 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின்கீழ் இயங்கும் அங்கன்வாடி மையங்களிலும், கட்டணம் பெற்று எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளை நடத்தும் தனியார் மழலையர் பள்ளிகளிலும் நடைபெறுகிறது. அங்கன்வாடிகளுக்கென வகுக்கப்பட்ட பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்பதுதான். ஆயினும் ஆட்டத்தையும் பாட்டையும் படிப்பாகக் கொள்ளப் பெற்றோர் பலருக்கு மனம் வருவதில்லை. நோட்டு நிறைய எழுத்துகளும், மாலையில் செய்து முடிக்க வேண்டிய வீட்டுப்பாடமும் இருந்தால்தான் பிள்ளை படிக்கிறது என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியுள்ளது. நடுநிலைப் பள்ளி வளாகங்களில் அமைந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் அரசே 2019இல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது, அப்பெயர்களுக்குப் பெற்றோரிடம் உள்ள ஈர்ப்புக்குச் சான்றாகும்.

மூன்று வயதுக் குழந்தையை எழுத வைப்பதற்கு அதன் கையே இடம் தருவதில்லை. மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறிய எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருந்து, பின்னர் ஒவ்வொன்றாகக் கெட்டிப்படுகின்றன. மூன்று வயதில் அவற்றுள் பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான் எலும்பாகத் தொடங்கியிருக்கும். விரல் தசைகளும் அவற்றை இயக்கும் நரம்புக் கட்டுப்பாடும் அவ்வாறே மெல்ல முதிர்வதால், அவ்வயதுக் குழந்தை பென்சிலை முழுக் கையாலும் பற்றி, தோளிலிருந்து கையை அசைத்துக் கிறுக்குகிறது. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றாலும் பற்றும் முறை பெரும்பாலும் நான்கு, ஐந்து வயதில்தான் கைகூடுகிறது. ஒரு சுழி, ஒரு வளைவு, கிடைக்கோடு, நெடுக்கோடு ஆகியவற்றை இடையறாமல் இணைத்து எழுத வேண்டிய 'அ' என்னும் எழுத்தை அதற்கு முன்பே பக்கம் பக்கமாக எழுதச் சொல்வது, குழந்தையைக் களைப்படையச் செய்து, எழுத்தின் மீதே வெறுப்பை வளர்த்துவிடுகிறது.

இதனை நன்கு உணர்ந்திருந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தவர். உலகப்போரின் காரணமாக நாடு திரும்ப இயலாமல், கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கிக் குழந்தைகளோடு பணியாற்றினார். அவர் வடிவமைத்த மர உருளைகளின் தலையில் சிறிய குமிழ்கள் உண்டு. உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்தி விளையாடும் குழந்தை அக்குமிழை மூன்று விரல்களால் பற்ற வேண்டியிருப்பதால், பென்சில் பிடிப்பதற்கான பயிற்சியும் அதற்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது. விலை கொடுத்து அக்கருவிகளை வாங்க இயலாத வீட்டிலும், பெரியவர் அருகிருக்கும்போது, பட்டாணியின் தோலை உரிப்பதும், சப்பாத்தி மாவை உருட்டுவதும், வாசலில் கோலப்பொடியை விரலிடுக்கில் எடுத்து இழுக்க முயல்வதும் அதே பயிற்சியை அளிக்கின்றன.

எண்ணறிவைப் பற்றியும் இதே தெளிவு தேவை. ஒன்று முதல் நூறு வரை தடையின்றி ஒப்பிக்கும் குழந்தையிடம் ஆறு கரண்டிகளை எடுத்துவரச் சொன்னால், கைக்கு அகப்பட்ட அனைத்தையும் அள்ளிவருவது உண்டு. பொருளுக்கு ஒன்றாக எண்ணைச் சொல்லிச் செல்வதை ஒன்றுக்கொன்று பொருத்தம் என்றும், இறுதியில் சொன்ன எண்ணே மொத்த அளவு என உணர்வதை அளவுணர்வு என்றும் கூறலாம். இவ்விரண்டையும் எண்ணும் திறனின் அடிப்படை நெறிகளாக ரோசெல் கெல்மனும் சார்லஸ் காலிஸ்டலும் 1978இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினர். பதினான்கு குழிகள் கொண்ட பல்லாங்குழியில், குழிக்கு ஒரு சோழியாக இட்டுச் செல்லும் குழந்தை முதல் நெறியைக் கையாலேயே கற்கிறது. அள்ளிய சோழிகள் எந்தக் குழியில் தீரும் என்று முன்கூட்டியே கணிக்கத் தொடங்கும்போது, கூட்டலின் வாசலுக்கே வந்துவிடுகிறது. சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு தட்டு வைக்கும் பொறுப்பை நான்கு வயதுக் குழந்தையிடம் விடும் வீடு, எண்களை மனப்பாடம் செய்விக்கும் வீட்டைவிட நல்ல கணக்காசிரியராக விளங்குகிறது.

இவை எல்லாவற்றினும் மேலான துணை பேச்சு. கதைப் புத்தகத்தை முழுவதும் தாமே படித்துக் காட்டாமல், "யானை ஏன் அழுகிறது?", "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்டு, குழந்தை சொல்லும் ஓரிரு சொற்களை விரித்துத் திருப்பிச் சொல்வதற்கு உரையாடல் வாசிப்பு என்று பெயர். குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் அவருடைய குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஆய்வு, இம்முறையில் வாசித்துக் காட்டப்பட்ட குழந்தைகளின் பேச்சுமொழி விரைவாக வளர்ந்ததைக் காட்டியது. இவ்வுரையாடல் குடும்பத்தார் தடையின்றிப் பேசும் மொழியில் அமைந்தால்தான் நீளும். ஆங்கிலம் பழக வேண்டும் என்பதற்காக வீட்டில் தமிழைத் தவிர்க்கும் பெற்றோர், தமக்குத் தெரிந்த சில ஆங்கில ஏவல்களுக்குள் பேச்சைச் சுருக்கிக்கொள்கின்றனர். "கம்", "ஈட்", "ஸ்லீப்" என்பவற்றைக் கொண்டு யானையின் துயரத்தைப் பேச முடியாது. பாட்டியிடம் தமிழில் கதை கேட்டுக் காரணம் கூறவும், முன்பின் வரிசைப்படுத்தவும் பழகிய குழந்தை, அத்திறனை ஆங்கிலத்துக்கும் எடுத்துச் செல்லும்.

வீட்டையும் மழலையர் பள்ளியையும் இணைக்கும் ஒரே கயிறாக இன்று வீட்டுப்பாட நோட்டு இருப்பது பெரும் இழப்பாகும். எடை பார்த்தல், உணவு வழங்கல், பதிவேடுகளை நிரப்புதல் எனப் பல பணிகளுக்கிடையே பாடமும் நடத்தும் அங்கன்வாடிப் பணியாளருக்கு, பெற்றோருடன் நெடுநேரம் பேச வாய்ப்பில்லை என்பது உண்மையே. எனினும் அன்று பாடிய பாட்டு எது, குழந்தை யாருடன் விளையாடியது என்பதை அழைத்துச் செல்ல வருபவரிடம் அவர் கூறவும், வீட்டில் குழந்தை எதைப் பற்றி ஓயாமல் கேட்கிறது என்பதைப் பெற்றோர் அவரிடம் கூறவும் இரண்டு நிமிடம் போதும். "இன்று என்ன எழுதினாய்?" என்று வாசலில் கேட்பதற்கு மாறாக, அந்தப் பாட்டைப் பாடிக் காட்டும்படி குழந்தையிடம் கேட்க, தாய்க்கோ தாத்தாவுக்கோ அதன்பின் வழி பிறக்கிறது.