கடைக் கணிப்பொறிக்கும் கதவு வேண்டும்

2019-ஆம் ஆண்டு அக்டோபர் கடைசியில் கூடங்குளம் அணுமின் நிலையக் கணிப்பொறியில் வைரஸ் புகுந்துவிட்டது என்று நம் கடற்கரை முழுவதும் பேச்சாக இருந்ததை உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதலில் நிலையத்தின் தரப்பில் மறுத்தார்கள். மறுநாள், 30-ஆம் தேதி, செய்தி உண்மைதான் என்று இந்திய அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. மத்திய அரசின் கணிப்பொறிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், செப்டம்பர் 4-ஆம் தேதியே இதைக் கண்டு தெரிவித்திருந்ததாம். உலையை இயக்கும் கணிப்பொறிகள் தனியே இருந்ததால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிருமி புகுந்தது, நிர்வாக வேலைக்காக இண்டர்நெட்டில் இணைந்திருந்த ஒரே ஒரு கணிப்பொறியில்.

நாம் கவனிக்க வேண்டியது, அங்கே முக்கியமான வேலைக்கு ஓர் இணைப்பு, வெளித் தொடர்புக்கு வேறோர் இணைப்பு என்று பிரித்து வைத்திருந்தார்கள் என்பதை. நம் மளிகைக் கடையில் இருப்பதோ ஒரே பெட்டி. பில் போடுவது அதில், பற்று வரவு அதில், ஜிஎஸ்டி கணக்கு அதில், பாங்கிக்குப் பணம் அனுப்புவதும் அதில். மதியம் கூட்டம் குறைந்தால் சினிமாப் பாட்டும் அதே பெட்டியில்தான். இலவசமாகப் படம் காட்டுகிறேன் என்று வரும் தளத்தில் ஒரு பொத்தானைத் தவறாக அமுக்கினால் போதும். பேரேடு முழுவதையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கிருமிகள் இருக்கின்றன. 2017 மே மாதம் உலகமெங்கும் பரவிய வான்னாகிரை அப்படிப்பட்டதுதான். ஆந்திரப் போலீஸ் துறைக் கணிப்பொறிகளே அதில் அகப்பட்டன. யார் யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்திருக்கிறோம் என்ற கணக்கு ஒரு காலையில் திறக்காவிட்டால், கடன் வாங்கியவர்கள் வந்து ஞாபகப்படுத்துவார்களா?

இதற்குத்தான் எண்ட்பாயிண்ட் செக்யூரிட்டி என்ற மென்பொருள். 1991-இல் சென்னையில் தொடங்கிய கே7, புனேயின் குவிக் ஹீல் ஆகியவை நம் நாட்டு நிறுவனங்கள். வெளிநாட்டுச் சரக்கும் உண்டு. எதற்கும் நாம் சிபாரிசு செய்யவில்லை. வைரஸைப் பிடிப்பதோடு, இன்ன தளம் திறக்கலாம், இன்னது கூடாது என்று கட்டளையிடவும் இதில் முடியும். சூதாட்டம், ஆபாசம், சினிமா என வகை வகையாகவே அடைத்துவிடலாம். கிட்டங்கியிலும் கடையிலுமாக நான்கு கணிப்பொறி இருந்தாலும் ஓரிடத்திலிருந்தே செய்யலாம்.

ஆனால் கெட்டவற்றைத் தேடித் தேடி அடைப்பதைவிட, வேண்டியதை மட்டும் திறந்து வைப்பதே நம் போன்ற கடைகளுக்குத் தோது என்பது நம் கருத்து. பில் போடும் பெட்டிக்கு ஜிஎஸ்டி தளம், ஈ-வே பில் தளம், நம் பாங்கி, டாலி போன்ற கணக்கு மென்பொருளின் தளம், இவை போதாதா? ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருகிறது என்பார்கள். சரி, அதையும் திறக்கலாம். அதன் வழியே வரும் கோப்புகளும் ஆபத்தானவையே, கவனம் தேவை. முதல் வாரம் தொந்தரவு இருக்கும். பணம் கட்டும்போது பாங்கித் தளம் வேறொரு தளத்துக்குத் தாவும். அது அடைபட்டு நிற்கும். ஆகையால் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் 20-ஆம் தேதி நெருக்கத்தில் இந்தச் சோதனை வேண்டாம். மென்பொருளின் பாஸ்வேர்ட் முதலாளியிடம் இருக்கட்டும். பில் போடுபவருக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கொடுத்து வைத்தால் அவரே எல்லாவற்றையும் நீக்கிவிடலாம்.

சிப்பந்திகள் விஷயத்தில் ஒரு வார்த்தை. எந்தத் தளத்தை யார் எப்போது பார்த்தார்கள் என்று இந்த மென்பொருள் குறித்து வைக்கும். அதை தினமும் புரட்டிப் பார்த்து ஆளைக் குடைவதற்காக நாம் இதை வாங்கவில்லை. என்ன அடைக்கிறோம், ஏன் அடைக்கிறோம் என்று முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் தன் செல்போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பது அவர் பாடு. இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும்: பல கடைகளில் பூட்டை முதலில் திறக்கச் சொல்வது சிப்பந்தி அல்ல, சாயங்காலம் கடைக்கு வரும் முதலாளி வீட்டுப் பிள்ளைதான். அவருக்கும் இதே விதி என்றால்தான் சிப்பந்தி மனம் கோணாது.

ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழக அரசு 2022-இல் சட்டம் செய்தது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்க 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமும் சட்டம் நிறைவேற்றியது. ஆனாலும் ஒரு பெயரை அடைத்தால் மறு பெயரில் வருகிறார்கள். கடை வைஃபையிலும், அதாவது ரூட்டரிலும், இந்த வகைத் தளங்களை அடைத்து வைப்பது நம் ஆட்களின் சம்பளப் பணத்துக்கும் பாதுகாப்பு. அவரவர் சிம் கார்டில் பார்ப்பதை இது தடுக்காது.

பென்டிரைவில் வருவதையும், ஓடிபி கேட்டு வரும் போனையும் தளத் தடை நிறுத்தாது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதையே வைத்திருப்பவர்கள் மாற்ற வேண்டும். கணக்கை வாரம் ஒருமுறை தனி டிஸ்கில் எடுத்து, அதைக் கழற்றி வீட்டில் வையுங்கள். பணம் பறிபோனால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து வாங்கினால் விலை பேசலாம், ஒரே மெக்கானிக்கை வைத்து எல்லாக் கடையிலும் போட்டுக்கொள்ளலாம். விருப்பமுள்ள உறுப்பினர்கள் சங்கத்தில் பெயர் கொடுக்கவும். குலசை தசராவுக்கு மாலை போடும் கூட்டம் வரத் தொடங்குமுன் இதை முடித்துவிட வேண்டும். பிறகு அம்மன் கோயில் கொடி இறங்கும்வரை கணிப்பொறியைக் கழற்ற எந்தக் கடைக்காரரும் சம்மதிக்க மாட்டார்.