வேண்டும், வேண்டாம்!

கண்டிப் புகையிரத நிலையத்துக்கு அண்மையில் ஒரு தேநீர்ச்சாலை இருப்பதாகக் கொள்வோம். ஒருவர் ஒரே வேளையில் பத்துக் கோப்பைகளுக்கு மேல் கேட்டல் ஆகாது என்பது அங்குள்ள விதி. நியாயமான விதிதான். ஒருவன் வந்து, "பத்துத் தேநீர்" என்கிறான். உள்ளே தேயிலையை இட்டதும், "வேண்டாம்" என்கிறான். வேண்டாமென்ற கோப்பைகள் கணக்கினின்றும் நீங்கிவிடுகின்றன. உடனே மீண்டும் பத்துக் கேட்கிறான், மீண்டும் மறுக்கிறான். விதியை அவன் மீறவேயில்லை. ஆயினும் தேநீர் போடுபவரின் கை ஓய்ந்துபோகிறது. பேராதனையிலிருந்து களைத்து வந்த மாணவனுக்கோ ஒரு கோப்பையும் கிட்டவில்லை.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் கணினி உலகில் நிகழ்ந்தது இதுவே. இணையத்தளங்களைத் தாங்கி நின்று, கேட்போருக்குப் பக்கங்களை அனுப்பும் கணினிகளை வழங்கிகள் என்கிறோம். அவற்றோடு உரையாடுவதற்கென 2015இல் வெளியான எச்.டி.டி.பி. இரண்டாம் பதிப்பு, ஒரே தொடர்பிற் பல வேண்டுகோள்களை விடுக்கவும், வேண்டாதவற்றை இடையில் நீக்கவும் இடமளித்தது. மனம் மாறி வேறு பக்கத்துக்குச் செல்வோர்க்கு அது நல்ல வசதியே. அந்த வசதியைத்தான் தீயோர் ஆயுதமாக்கினர். கேட்பதற்கும் மறுப்பதற்கும் அவர்களுக்காகும் செலவு சொற்பம். உழைப்பெல்லாம் வழங்கியின் தலையிலே!

கூகுள் நிறுவனம் எதிர்கொண்ட தாக்குதலின் உச்சத்தில், வினாடிக்கு 39 கோடியே 80 இலட்சம் வேண்டுகோள்கள் வந்து குவிந்தன. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் கண்டது வினாடிக்கு 20 கோடிக்குச் சற்று மேல். அதனை ஏவிய கணினிகளோ ஏறக்குறைய 20,000 மாத்திரமே. அமேசான் நிறுவனமும் இதற்குத் தப்பவில்லை. மூன்று நிறுவனங்களும் 2023 அக்டோபர் 10ஆம் நாள் இக்குறையை உலகறியச் செய்தன. வழங்கி மென்பொருளை ஆக்குவோரும் திருத்தங்களை வெளியிட்டனர். அளவுக்கு மிஞ்சிக் கேட்டு மறுப்பவரைக் கண்டுகொண்டு, அவரது தொடர்பைத் துண்டித்துவிடுவதே திருத்தத்தின் சாரம்.

பூட்டை உடைத்துப் பொருளைக் கவர்ந்தால்தான் குற்றமென்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். இங்கே பூட்டும் உடையவில்லை, பொருளும் போகவில்லை. வாசல் மாத்திரம் அடைபட்டுப் போகிறது. அதனால் வருவது சிறு நட்டமன்று. பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில், ஹந்தானை மலைச்சரிவிலே கைத்தொலைபேசியை ஏந்தி நிற்கும் பெண்ணையும், அவள் முகத்தையே பார்த்திருக்கும் தாயையும் நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு அடைபட்ட வாசலும் இல்லாத வாசலும் ஒன்றே.

ஆகவே, பாடசாலைக்கோ சங்கத்துக்கோ இணையத்தளம் நடத்தும் அன்பர்கள், "எம்மிடம் திருட என்ன இருக்கிறது?" என்று வாளாவிருத்தல் தகாது. வெளியான திருத்தத்தை ஏற்றாத வழங்கிக்கு அத்திருத்தத்தாற் பயனில்லை. நாளை மென்பொருள் எழுதப்போகும் மாணவர்களுக்கும் ஒரு சொல்: விதி வகுக்கும்போது கேட்ட கோப்பைகளை மாத்திரம் எண்ணாதீர்கள்; உள்ளே தேநீர் போடுபவரின் உழைப்பையும் சேர்த்து எண்ணுங்கள்.