பெட்டி மேல் இருக்கும் வாட்ஸை நம்பாதீர்கள்



தம்பி மகன் காரில் புது சப்வூஃபர் மூன்றே மாதத்தில் கருகிவிட்டது. பெட்டியில் 1200 வாட்ஸ் என்று கொட்டை எழுத்து. அது ஒரு நொடி உச்சம் மட்டுமே. உள்ளே பொடி எழுத்தில் ஆர்எம்எஸ் 300.

"ஆம்ப் 250தானே பெரியப்பா, எப்படிக் கருகும்?" என்கிறான். சத்தம் போதாமல் கெயினை முழுக்கத் திருகியிருக்கிறான். கெயின் வால்யூம் அல்லப்பா! எல்லை மீறினால் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டு, அதே ஆம்ப் கிட்டத்தட்ட இருமடங்கு வரை தள்ளும். வாய்ஸ் காயில் தாங்குமா?

என்னைக் கேட்டால், ஆம்ப்பின் ஆர்எம்எஸ் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும், கெயின் குறைவாக இருக்கட்டும். இப்போது 350 வாங்கப் போகிறானாம். எத்தனை ஓமில் 350 என்று கடையில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.