தேர்தல் காலமும் நம் சபைகளும்



தேர்தல் நாள் குறிக்கப்பட்டதும் நாம் வாழும் குடியிருப்புகளில் பேச்சின் சுருதியே மாறிவிடுகின்றது. மாடிப்படியில் எதிர்ப்படுவோர் நலம் விசாரிப்பதற்கு முன்னரே "யாருக்கு?" என்று விசாரிக்கின்றனர். இவ்விதழை வாசிக்கும் குடும்பங்களுள் கிறிஸ்தவக் குடும்பங்களும் பல உண்டு. அவர்களுடைய சபைகளில் தேர்தல் காலம் உண்டாக்கும் ஒரு மனத்தாங்கலைப் பற்றி இம்மாதம் எழுத விழைகின்றேன். பிற சமயத்து அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. ஊரையும் பேரையும் மாற்றினால் இஃது அவர்கள் வீட்டுக் கதையாகவும் இருக்கக்கூடும்.

மும்பை மாநகரில் தமிழில் ஆராதனை நடைபெறும் சபை ஒன்று, பெயர் எதற்கு? அங்கே நெல்லைச் சீமையிலிருந்து வந்த பெரியவர் இருவர் முப்பது ஆண்டுகளாக ஒரே பெஞ்சில் அமர்ந்து வந்தனர். ஒருவர் சபைக் கணக்கைப் பார்ப்பவர். மற்றவர் பாடகர் குழுவில் மூத்தவர். ஒருவரையொருவர் "அண்ணாச்சி" என்றே அழைப்பர். யார் மூத்தவர் என்பது அவர்களுக்கே நிச்சயமில்லை. 2024ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் மும்பையில் மக்களவைத் தேர்தலுக்கு வாக்குப்பதிவு நடைபெற்றது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பு, கணக்கர் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தியை அனுப்பினார். இன்ன கட்சிக்கு வாக்களிப்பவர் மெய்யான விசுவாசி ஆகார் என்பது அதன் சாரம். அச்செய்தியை அவர் எழுதவில்லை. எங்கிருந்தோ வந்ததை அப்படியே தள்ளிவிட்டார். பாடகர் அதற்கு மறுமொழி எழுதினார். மறுமொழிக்கு மறுமொழி வந்தது. நள்ளிரவுக்குள் இருவர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் இறங்கிவிட்டனர்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து. அப்பம் பகிரப்படுமுன் சபையார் ஒருவர் கையை ஒருவர் பற்றிச் சமாதானம் கூறுவது அச்சபையின் வழக்கம். பாடகர் திரும்பிப் பார்த்தார். கணக்கர் வேறு பெஞ்சுக்குப் போயிருந்தார். அவ்வாண்டு கணக்கர் மகளுக்குத் திருமணம் நடந்தபோது பாடகர் வீட்டுக்கு அழைப்பிதழ் செல்லவில்லை. அப்பெண்ணுக்கு ஞாயிறு பள்ளியில் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர் பாடகரின் மனைவி. அந்த அம்மையார் பட்ட வருத்தம் சொல்லில் அடங்காது.

பாடகரிடம் நான் ஒருமுறை கேட்டேன். "ஓட்டு அவங்கவங்க இஷ்டம், அண்ணாச்சி. அதுக்கா நான் கோபப்படுவேன்? என்னை அவிசுவாசின்னு சொல்லிட்டாரே, அதுதான் ஆறல" என்றார்.

புண் எங்கே இருக்கின்றது என்பது அச்சொல்லில் விளங்கிற்று. அரசியலில் மாறுபடுவதனால் சபை உடைவதில்லை. வாக்கை விசுவாசத்துக்கு உரைகல் ஆக்கும்போதுதான் உடைகின்றது.

மாறுபாடு நமக்குப் புதிதுமன்று. 1931இல் இலண்டனில் நடைபெற்ற இரண்டாம் வட்டமேசை மாநாட்டுக்கு இந்தியக் கிறிஸ்தவர் சார்பில் சென்றவர் இருவர். ஒருவர் தஞ்சைச் சீமையைச் சேர்ந்த கத்தோலிக்கர் ஏ. டி. பன்னீர்செல்வம், நீதிக் கட்சித் தலைவர்களுள் ஒருவர். மற்றவர் பஞ்சாபைச் சேர்ந்த எஸ். கே. தத்தா. கிறிஸ்தவர்க்குத் தனித் தொகுதி வேண்டும் என்னும் சிறுபான்மையோர் உடன்படிக்கையில் பன்னீர்செல்வம் கையொப்பமிட்டார். தத்தா அக்கொள்கையை ஏற்கவில்லை. அதற்கு முந்தைய மாநாட்டுக்குச் சென்றிருந்த சேலத்துக் கே. டி. பாலும் தனித் தொகுதி கூடாது என்னும் கருத்தினரே. இவர்களுள் யார் மெய்யான விசுவாசி என்று இன்று எவரேனும் கேட்டால் நாம் நகைப்போம் அல்லவா?

பின்னர் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை மாகாணச் சட்டசபையில் இந்தியக் கிறிஸ்தவர்க்கென எட்டு இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவ்விடங்களுக்குக் கிறிஸ்தவர் மட்டுமே வாக்களிப்பர். அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. அரசியல் நிர்ணய சபை 1949 மே மாதத்தில் சமயச் சிறுபான்மையோர்க்குச் சட்டமன்றங்களில் தனி இடம் வேண்டுவதில்லை என்று முடிவு செய்தது. அச்சபையின் துணைத் தலைவரான வங்கத்துக் கிறிஸ்தவர் எச். சி. முகர்ஜியும், சென்னையிலிருந்து சென்ற இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசாவும் அம்முடிவை மனமுவந்து ஆதரித்தனர். அன்று தொட்டுக் கிறிஸ்தவர் வாக்கு என்று தனியே எண்ணப்படும் பெட்டி கிடையாது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டு மக்களுள் நூற்றுக்கு 2.3 பேரே கிறிஸ்தவர். அத்தகைய சிறு சமூகம், அயலாரோடு கலந்து நின்று வாக்களிப்பதில் தனக்குப் பாதுகாப்பு உண்டென்று நம்பியது. அந்த நம்பிக்கை முற்றிலும் பலித்ததா என்பதில் எனக்குச் சில மனக்குறைகள் உண்டு. ஆயினும் அவ்வழி இழிவானது என்று ஒருபோதும் எண்ணியதில்லை.

சட்டம் கூறுவதையும் சபையார் அறிந்திருத்தல் நன்று. இன்னாருக்கு வாக்களித்தால், அல்லது அளிக்காவிடில், தெய்வ கோபம் வரும், சமயத் தண்டனை நேரும் என்று வாக்காளரை நம்பச் செய்வது தேர்தல் முறைகேடு. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவு வேட்பாளரையும் அவர் இசைவோடு செயற்படுவோரையும் குறித்து இதைச் சொல்கின்றது. குற்றவியல் சட்டமோ இதைச் செய்பவர் எவராயினும் குற்றம் என்கின்றது. வழிபாட்டு இடத்தைக் கட்சிப் பணிக்குப் பயன்படுத்தலாகாது என்று 1988இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. மும்பை சாந்தாகுரூஸ் தொகுதியில் 1990இல் நடந்த தேர்தலிலிருந்து எழுந்த வழக்கொன்றில், 2017 ஜனவரி 2ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் எழுவர் ஆயம் நால்வர் பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. வேட்பாளரின் சமயத்தைச் சொல்லி மட்டுமன்று, வாக்காளரின் சமயத்தைச் சொல்லி வாக்குக் கேட்பதும் முறைகேடே என்பது அத்தீர்ப்பு. கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் இஃது பொருந்தவேண்டும் என்று நாம் விரும்புகின்றோம். அவ்வாறாயின் நம் பிரசங்க பீடத்துக்கும் பொருந்தத்தான் வேண்டும்.

அப்படியானால் சபை வாய்மூடி இருக்க வேண்டுமா? அதுவுமன்று. மிசோரத்தைப் பாருங்கள். அங்கே பிரெஸ்பிட்டேரியன் சபையின் முயற்சியால் 2006இல் மிசோரம் மக்கள் மன்றம் என்னும் அமைப்புத் தோன்றிற்று. அது எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்பதில்லை. பணமும் விருந்தும் ஆடம்பரமும் இன்றித் தேர்தல் நடத்துவதாகக் கட்சிகளிடம் ஒப்பந்தம் வாங்குகின்றது. தொகுதி வேட்பாளர் அனைவரையும் ஒரே மேடையில் ஏற்றி மக்கள் முன் பேச வைக்கின்றது. நாகாலாந்தின் பாப்டிஸ்ட் சபைகளின் கழகமும் பணத்துக்கும் மதுவுக்கும் வாக்கை விற்பதையும், பிறர் பெயரில் வாக்களிப்பதையும் எதிர்த்துத் தூய தேர்தல் இயக்கம் நடத்தி வந்துள்ளது. அம்மாநிலங்களில் மக்களுள் பெரும்பாலோர் கிறிஸ்தவர்; நம் நிலை வேறு. எனினும் சபைக் கட்டடத்தில் அன்றி நம் சங்க மண்டபத்தில், எல்லாச் சமயத்தாரும் கூடியிருக்க, எல்லா வேட்பாளரையும் அழைத்துக் குடிநீரையும் வாடகை வீட்டையும் பள்ளியில் தமிழ் கற்பிப்பதையும் பற்றிக் கேள்வி கேட்க நமக்குத் தடையேதுமில்லை. கேள்வியைச் சேர்ந்து கேட்போம். பொத்தானைத் தனித்தனியே அழுத்துவோம்.

இங்கே இன்னொரு குறையையும் சொல்லிவிடுகின்றேன். 2024இல் யாருக்கு வாக்கு என்று உரக்க வாதிட்டவர்களுள் சிலர், மே 20ஆம் நாள் கோடை விடுமுறைக்காகத் திருநெல்வேலியில் இருந்தனர்! தமிழ்நாட்டில் ஏப்ரல் 19ஆம் நாளே வாக்குப்பதிவு முடிந்துவிட்டது. ஆகவே அங்கும் வாக்கில்லை, இங்கும் வாக்கில்லை. வேறு சிலர் ஊரில் ஒரு பெயரும் இங்கே ஒரு பெயருமாக வைத்திருக்கின்றனர். இரண்டு தொகுதிகளில் பெயர் இருத்தல் சட்டத்துக்கு மாறானது. ஊரில் சொந்த வீடு இருக்கின்றது என்ற ஒரே காரணத்தால் ஒருவர் அவ்வூர்வாசி ஆகிவிடமாட்டார். வழக்கமாக எங்கே வசிக்கின்றோமோ அங்கேதான் பதிவு. குடிமாறியவர்க்கு 8ஆம் படிவம். புதிதாகச் சேருவோர்க்கு 6ஆம் படிவம். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முதியோர்க்கு இவற்றை நிரப்பிக் கொடுத்தால், அதைவிடச் சிறந்த தேர்தல் ஊழியம் எனக்குத் தெரியவில்லை.

ஜெபத்தைப் பற்றி ஒரு சொல். ராஜாக்களுக்காகவும் அதிகாரத்தில் உள்ளவர்களுக்காகவும் ஜெபிக்கும்படி பவுல் அப்போஸ்தலர் தீமோத்தேயுவுக்கு எழுதினார். அக்காலத்து ராஜாவை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை. நாமோ தேர்ந்தெடுக்கின்றோம், தோற்றவரும் நம் தொகுதிக்காரரே. ஆகையால் வேட்பாளர் அனைவருக்காகவும், கட்சிப் பெயர் கூறாமல், ஆராதனையில் ஜெபிப்பது தகும். எதிர்க்கட்சிக்காரருக்காக உண்மையாகவே ஜெபிப்பது எவ்வளவு கடினம் என்பதைச் செய்து பார்த்தவர் அறிவர். இயேசுவின் சீடருள் ஆட்சியாளருக்கு வரி தண்டிய மத்தேயுவும் இருந்தார். செலோத்தே என்று பெயர் பெற்ற சீமோனும் இருந்தார். அவர்கள் இராப்பந்தியில் என்ன பேசிக்கொண்டனர் என்று சுவிசேஷம் கூறவில்லை. நிச்சயமாக எல்லாவற்றிலும் ஒத்துப் போயிருக்கமாட்டார்கள்.

மும்பைப் பெரியவர்களைப் பற்றி நேயர்கள் கேட்பீர்கள். இருவரும் இன்னும் ஒரே பெஞ்சுக்குத் திரும்பவில்லை. ஆனால் அண்மையில் சபையில் அசனப் பண்டிகை நடந்தபோது பந்தி பரிமாறும் முறை கணக்கருக்கு வந்ததாம். வரிசையில் பாடகரின் இலை வந்ததும் வாளியோடு சற்றே நின்றாராம். பிறகு, "குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா, அண்ணாச்சி?" என்று கேட்டாராம்.